போர் முடிஞ்சு 16 வருசம். மழை வந்தா இன்னும் ஏன் இப்பிடி முறிஞ்சு போறம்?

#1 குளக்கட்டு (கிளிநொச்சி), 2025 டிசம்பர் 16

வணக்கம் உறவுகளே.

டித்வா புயல் போய் இரண்டு கிழமைக்கு மேலாச்சு. முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தை வெள்ளம் உடைச்சுக்கொண்டு போன படத்தைப் பார்த்ததில இருந்து நெஞ்சுக்குள்ள ஒண்டு கிடந்து அரிக்குது. 2009 மே மாதம் எங்கட சனம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு கடந்து வந்த பாலம் அது. அதுக்குப் பிறகு மாரிக்கு மாரி அதுக்கு மேலால தண்ணி பாயும், மறுகரைச் சனம் ஆஸ்பத்திரிக்குப் போக ஏலாமல் நிக்கும். புதுப் பாலத்துக்கு அடிக்கல் வைச்சது இந்த வருசம் செப்டெம்பரில்தான்.

இப்ப எல்லாரும் காலநிலை மாற்றம் எண்டு சொல்லீனம். நான் மறுக்கேல்லை. கடல் சூடாகினால் மழை கனக்கும் எண்டது எனக்கும் விளங்கும். ஆனால் மழை எவ்வளவு பெய்யுது எண்டது ஒரு கணக்கு. அதைத் தாங்க ஊரிட்ட என்ன மிஞ்சியிருக்கு எண்டது வேற கணக்கு. அந்த இரண்டாவது கணக்கில போர் எடுத்துக்கொண்டு போனதை ஆரும் எழுதிறேல்லை.

2008 நவம்பர், நிஷா புயல். யாழ்ப்பாணத்தில ஒரே நாளில 390 மில்லிமீற்றருக்குக் கிட்டப் பெய்தது. நாங்கள் அப்ப கிளிநொச்சித் தர்மபுரத்துக்கு அங்கால ஒரு தென்னங்காணிக்குள்ள தறப்பாள் கொட்டிலில இருக்கிறம். மன்னார்ப் பக்கத்தில இருந்து வந்த சனத்துக்கு அது நாலாவது, ஐஞ்சாவது இடப்பெயர்வு. செப்டெம்பரிலேயே ஐ.நா.வையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொல்லி அரசாங்கம் சொல்லிப்போட்டுது. அம்மா மொட்டைக்கறுப்பன் விதைநெல்லு இரண்டு பை கொண்டு வந்தவ. ஈரம் படக்கூடாதெண்டு கல்லடுக்கி அதுக்கு மேல வைச்சிருந்தவ. இரவோடிரவாத் தண்ணி ஏறிச்சுது. மூண்டாம் நாள் பையை அவிழ்த்தா முழுக்க முளை. வயல் பதினைஞ்சு கிலோமீற்றருக்கு அங்கால தரிசாக் கிடக்குது, விதை பைக்குள்ள முளைக்குது. ஷெல் அடிக்கேக்க அழாத மனிசி அண்டைக்கு அழுதவ.

அதே புயல் தமிழ்நாட்டிலயும் அடிச்சது. அங்கயும் ஆக்கள் செத்தவை, பயிர் போனது. ஆனால் புயல் ஓய்ஞ்ச பிறகு அவை தங்கட வயலுக்குத் திரும்பிப் போனவை. நாங்கள் இன்னும் கிழக்கால போனம்.

#2 கண்மாய்க்கரை (சிவகங்கை)

அண்ணே, அம்மாவோட விதைநெல் பத்திப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவுமே எழுத முடியல. ஆனாலும் ஒண்ணு கேட்டே ஆகணும். எங்க பக்கம் போரே நடக்கல. இருந்தும் தமிழ்நாட்டுல இருக்கிற சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள்ல எத்தனை தூர்ந்து கிடக்கு? வரத்துக்கால் மேல வீடு, உள்வாய் பூராவும் சீமைக்கருவேலம், மடைக்குக் கதவு கிடையாது. எங்க ஊர்ல குடிமராமத்து (ஊர்க்காரங்களே சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கிறது) செத்துப்போனது குண்டு விழுந்து இல்ல. எல்லாத்தையும் போர் மேலயே எழுதினா, அலட்சியமா இருந்தவங்களும் காசு அடிச்சவங்களும் தப்பிச்சிட மாட்டாங்களா?

#3 மழைமானி (வவுனியா)

தம்பி கண்மாய்க்கரை கேட்டது நியாயமான கேள்வி. நான் 30 வருடத்துக்கு மேல் குளங்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அலட்சியத்தால் கெடுகிற குளம் மெல்லக் கெடும். கெடும்போது பக்கத்தில் ஊர் இருக்கும். கட்டில் எலி வளை விழுந்தால் மாடு மேய்க்கிற பையன் காண்பான், வட்டவிதானைக்கு (வயல், தண்ணீர் வேலைகளைப் பார்க்கிற ஊர்ப் பொறுப்பாளர்) சொல்லுவான், இரண்டு பேர் மண்வெட்டியோடு போய் மண் போட்டு மிதிப்பார்கள். ஒக்டோபருக்கு முன் கட்டுப் பற்றை வெட்டுவார்கள். துருசுக்கு எண்ணெய் விடுவார்கள். (நீங்கள் மடை என்பதைத்தான் நாங்கள் துருசு என்கிறோம்.) இதில் எதுவுமே பெரிய பொறியியல் இல்லை. ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போர் அந்த ஆளை எடுத்துவிடுகிறது. ஊர் மூன்று மாரிக்கு வெறுமையாக இருந்தால் கட்டில் முளைத்த மரம் வேரோடிவிடும், வேர் போன வழியால் நீர் போகும். சனம் திரும்பிப் போனாலும் கட்டில் ஏற முடியாது, மிதிவெடி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது சீமெந்தும் இல்லை, எரிபொருளும் இல்லை, யூரியாவும் இல்லை. ஒரு துருசுக் கதவுக்கு உதிரிப்பாகம் மாற்ற வேண்டுமென்றால் மாதக்கணக்கு. இதற்கு மேல், தண்ணீரே ஆயுதமானது. 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டதோடுதான் கடைசிப் போர் மூண்டது. அதன் கீழ் விதைத்திருந்த மூதூர்ப் பக்கக் கமக்காரரில் மூன்று இனத்தவரும் இருந்தார்கள். 2009 ஜனவரியில் கல்மடுக்குளத்துக் கட்டு தகர்க்கப்பட்டது. எந்தப் பக்கம் செய்தாலும் குளத்துக்குப் புண் ஒன்றுதான்.

அலட்சியக்காரரைத் தப்பவிட நான் சொல்லவில்லை. போர் முடிந்த பிறகு நடந்த அலட்சியத்துக்குப் போரே சாட்டாகிறது என்பதையும் கண்டிருக்கிறேன்.

#4 தேயிலைமலை (பதுளை)

உறவுகளே, கோபிக்க வேண்டாம். தலைப்பைப் பார்த்ததும் மனசு சுருக்கென்றது. இந்தப் புயலில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் மலைநாட்டில், மண்சரிவில். எங்கள் மலையில் ஷெல் விழவில்லை. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் மண் வெட்டி மண் வெட்டி வைத்த சரிவுதான் வந்து விழுந்தது. எங்களை முறித்தது எந்தப் போர்?

#5 குளக்கட்டு

அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் எழுதின விதத்தில உங்கட சாவு சின்னதாத் தெரிஞ்சா அது என்ர பிழை. ஒரு சனத்தை நலிய வைக்கப் போர் ஒண்டுதான் வழி எண்டு நான் சொல்லேல்லை. 150, 200 வருசமாக் காணியில்லாமல் லயத்தில வைச்சிருந்ததும் அதே வேலையைத்தான் செய்திருக்கு.

#6 மேட்டுநிலம் (கிளிநொச்சி)

தேயிலைமலை அக்கா, உங்க கேள்விக்கு எங்க வீட்டிலயே ஒரு பதில் இருக்கு. அப்பாவும் அம்மாவும் 1977 கலவரத்தில இரத்தினபுரிப் பக்கத் தோட்டத்தில இருந்து அடிச்சுத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவங்க. அப்படி வந்த மலையகச் சனம் கிளிநொச்சியில ஊர் ஊராக இருக்கு. ஆனா எந்த நிலத்தில? இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயிற வயல் ஏற்கனவே குடியேற்றத்திட்டத்தில வந்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தாச்சு. எங்களுக்குக் கிடைச்சது வாய்க்கால் தண்ணி ஏறாத மேடு. கண்ணுக்கு முன்னால குளம், குடிக்கக் கிணறு தோண்டினா பாறை.

கன பேருக்குக் காணி உறுதியும் இல்ல, அரச காணிப் பேர்மிட்டும் இல்ல. அது ஏன் முக்கியம்னா, வெள்ளம் வந்தாலும் வரட்சி வந்தாலும் நட்டஈட்டுப் படிவத்தில முதல் கேள்வி காணிப் பத்திரம்தான். கூலிக்கு வெட்டுற ஆளுக்கு வயல் அழிஞ்சா வேலை போகுது. ஆனா அழிஞ்ச வயல் அவர் பேரில இல்ல. அந்தப் படிவத்தில அவர் ஆளே இல்ல.

2016, 17 வரட்சி ஞாபகம் இருக்கா? எங்க ரோட்டில புருசன் இல்லாத வீடு பதினொண்டு. மழை இல்லாம வேலை இல்ல, வேலை இல்லாம நுண்கடன். கிழமைக் காசு கட்ட இன்னொரு குழுவில லோன், அதைக் கட்ட இன்னொண்டு. கடன்காரர் வாற நாளில அம்மாமார் காட்டுக்குள்ள போய் இருந்தாங்க. 2018ல அரசாங்கமே வரட்சி பாதிச்ச 12 மாவட்டத்தில பெண்கள் எடுத்த 1 லட்சம் ரூபா வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்யுற நிலைமை வந்திச்சு. மழை பெய்யாதது காலநிலை. ஆனா அந்தப் பதினொரு வீட்டில உழைக்கிற ஆம்பிளை இல்லாதது, அடகு வைக்க நகை மிஞ்சாதது காலநிலை இல்ல. நகை முழுக்க 2009ல சாப்பாட்டுக்கு மாறினது. முள்ளிவாய்க்காலில ஒரு தேங்காய் என்ன விலைக்கு வித்ததுன்னு இங்க இருக்கிற கன பேருக்குத் தெரியும்.

#7 தூரதேசம் (ரொறன்ரோ)

எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கத்தை விட்டுவிடுகிறீர்கள். போர் நடந்ததால்தான் வன்னிக் காடு தப்பியது. தெற்கில் காடு அழிந்த வேகத்தைப் பாருங்கள். சமாதானம் வந்த பிறகுதான் மரமும் மணலும் கிரவலும் லொறி லொறியாகப் போனது. வடமராட்சி கிழக்கில் மணல் திட்டு இருந்த இடமெல்லாம் இப்போது பள்ளம். அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

#8 முசலியூரான் (புத்தளம்)

அஸ்ஸலாமு அலைக்கும். பொதுவாக வாசித்துவிட்டுப் போகிறவன் நான். "காடு தப்பியது" என்ற சொல்லைப் பார்த்தபிறகு பேசாமல் போக முடியவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார் மாவட்ட முசலியில் இருந்து நாங்கள் புத்தளம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. உப்பளப் பக்கம் கிடுகுக் கொட்டில், ஒரு கிணற்றுக்கு நூறு குடும்பம். மாரி வந்தால் கொட்டிலுக்குள் கணுக்கால் தண்ணீர். அப்படியே இருபது வருடம் போனது. போர் முடிந்து வாப்பாவோடு ஊர் பார்க்கப் போனோம். வாப்பா விளைந்த காணியில் பாலையும் வீரையும் வானளவு நிற்கிறது. பள்ளிவாசல் சுவரைக் கொண்டுதான் ஊரைக் கண்டுபிடித்தோம். 2012 அரச வர்த்தமானி அறிவித்தலில் அந்தப் பகுதிக் காணி ஒதுக்குக் காடானது. 2017 வர்த்தமானியில் இன்னும் பெரிய பரப்பு. வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு நாங்கள் பக்கத்து வில்பத்து வனப் பூங்காவை அழிக்க வந்தவர்கள்.

காடு தேவை. மழைக்கும் வெயிலுக்கும் அது தேவை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காடு எங்கள் அகதி வாழ்க்கையின் வயசு. அதைக் காக்கும் செலவை, துரத்தப்பட்டவனே முழுக்கக் கட்ட வேண்டுமா? வாப்பாவின் மற்றக் கவலை இன்னும் பெரியது: எந்தக் குளத்து நீர் எந்த வழியால் கடலுக்குப் போகும் என்று அவர் தலைமுறைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் புத்தளத்தில் வளர்ந்தவன். இப்போது திரும்பிப்போய்க் குடியேறியவர்கள் வீடு கட்டிய சில இடம் பழைய நீரோட்டம். வெள்ளம் வந்தபிறகுதான் அது தெரிந்தது.

#9 தூரதேசம்

முசலியூரான், நன்றி. நான் எழுதியதைத் திரும்ப எடுக்கிறேன். மரத்தை மட்டும் பார்த்து எழுதிவிட்டேன்.

#10 செம்பாடு (வலிகாமம் வடக்கு)

முசலியூரான் நானா சொன்னது எங்கட கதையின்ர மறுபக்கம். எங்களை 1990ல பலாலி, மயிலிட்டிப் பக்கத்தால எழுப்பினது. குடாநாட்டிலேயே நல்ல செம்மண் எங்கடது. இராணுவத்தின்ர உயர்பாதுகாப்பு வலயமாகிப் போச்சு. மயிலிட்டித் துறைமுகம் விட்டது 2017 ஜூலையில. அதுவரைக்கும் சனம் முகாமிலயும் உறவுக்காரர் வளவிலயும் உவர் தரையிலயும்.

யாழ்ப்பாணத்துக்கு ஆறில்லை, வழுக்கையாறு மாரியில மட்டும் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணிதான் எல்லாம். அது கடல் தண்ணிக்கு மேல மிதக்கிற மெல்லிய படை. அளவுக்கு மிஞ்சி இறைச்சா கீழ இருக்கிற உப்பு மேல ஏறும். நல்ல தண்ணி இருக்கிற நிலத்தை வேலி போட்டு வைச்சுக்கொண்டு, அந்தச் சனத்தை ஏற்கனவே தண்ணி குறைஞ்ச பக்கத்துக்கு நெருக்கினா அங்க கிணறு என்னாகும்? கடல் மட்டம் ஏறுறதைப் பற்றி இனித்தான் பயப்பிட வேணும் எண்டு சிலர் எழுதீனம். எங்களுக்கு உப்பு எப்பவோ ஏறத் தொடங்கியாச்சு. தொண்டமானாற்றில 1950களில கட்டின உவர்நீர்த் தடுப்பு, போருக்குள்ள பார்ப்பாரில்லாமல் கதவு உக்கிப் போச்சு. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு எண்டு பொறியியலாளர் ஆறுமுகம் அந்தக் காலத்திலேயே போட்ட திட்டம், முள்ளியான் வாய்க்கால் வெட்டி முடியாமலே நிண்டிட்டுது. இப்ப தாழையடியில கடல்நீரைக் குடிநீராக்கிறம், 2024ல திறந்தது. வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனால் மழையைத் தேக்க இருந்த வழி பாழாய்ப் போன பிறகு, கரண்ட் குடிச்சுக் கடலைச் சுத்தம் செய்யிற வழிக்கு வந்திருக்கிறம்.

பனையையும் சொல்லவேணும். பங்கருக்கு மேல போடப் பனங்குத்தி. இராணுவமும் தறிச்சது, இயக்கமும் (புலிகள்) தறிச்சது, ஷெல்லுக்குப் பயந்த நாங்களும் தறிச்சம். காற்று மறிக்கிற மரம். இண்டைக்கு விதை போட்டா அது பலன் தர ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடிச்சு வெளியால வந்திடும்.

#11 நந்திக்கடல் (முல்லைத்தீவு)

பாலத்தைப் பற்றித் தொடங்கினபடியால் சொல்லுறன். மாரியில அந்தப் பாலத்துக்குக் கீழ இருக்கிற நந்திக்கடல் களப்பு நிரம்பினா முகத்துவாரத்து மண்ணை வெட்டிவிடுறது எங்கட பாட்டன் காலத்து வேலை. எப்ப வெட்டுறது எண்டது இலேசான முடிவில்லை. முந்தி வெட்டினா இறால் குஞ்சு கடலுக்குப் போயிடும், பிந்தினா கமக்காரரின்ர வயல் தாழும். இரண்டு பக்கப் பெரியாக்களும் கோவிலடியில இருந்து பேசி முடிவெடுப்பினம். இப்ப அந்தப் பக்கம் 600 ஏக்கருக்கு மேல கடற்படை முகாம். பேசி முடிவெடுக்கிற பெரியாக்களில பாதிப்பேர் உயிரோட இல்லை. மிச்சப்பேர் எங்க அனுமதி எடுக்கிறதெண்டு கந்தோர் கந்தோரா நிண்டினம். தண்ணி பொறுத்திருக்குமே?

சுனாமிக்கும் இதுதான் நடந்தது. அது காலநிலை இல்லை, தெரியும். ஆனால் கடல் வந்தபிறகு எழும்பிற பலம் எங்க போனதெண்டு காட்டும். அரசாங்கமும் புலிகளும் உதவியைச் சேர்ந்து பங்கிடுற பொதுக்கட்டமைப்பு உடன்பாடு 2005 ஜூன் 24 கையெழுத்தானது. மூண்டு கிழமையில உயர்நீதிமன்றம் அதின்ர முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அதே சுனாமி அடிச்ச இந்தோனேசியாவின்ர அச்சேக்கு, அதே வருசம் ஓகஸ்ட் 15 ஹெல்சிங்கியில சமாதானம் கையெழுத்தாச்சு. நாங்கள் அடுத்த வருசமே போருக்குள்ள.

#12 கண்மாய்க்கரை

ரெண்டு நாளா இந்த இழையத் திரும்பத் திரும்பப் படிச்சேன். மழைமானி ஐயா சொன்ன "ஆள் இருக்க வேண்டும்"ங்கிறது மண்டையிலேயே நிக்குது. லிபியாவுல டெர்னா நகரத்துல 2023 செப்டம்பர்ல நடந்ததும் இதே மாதிரிதான். டேனியல் புயல் மழை, ஊருக்கு மேல 1970கள்ல கட்டுன ரெண்டு அணை. பழுதுபார்க்க ஒப்பந்தம் போட்டு, 2011 சண்டையில வேலை நின்னு, அப்புறம் ரெண்டு அரசாங்கம் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டு இருந்ததுல அணையைப் பார்க்க ஆளே இல்ல. ஒரே ராத்திரியில ஆயிரக்கணக்குல செத்தாங்க.

எங்க கண்மாய் கெட்டதுக்கும் உங்க குளம் கெட்டதுக்கும் வித்தியாசம் இப்ப புரியுது. எங்க ஊர்ல கண்மாய் கெட்டுப்போச்சுன்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்கார எங்க தாத்தா இருந்தாரு. ஆனா ஒரு சந்தேகம். இரணைமடு போருக்கப்புறம் கோடிக்கணக்குல செலவு பண்ணிப் புதுப்பிச்ச குளம்தானே? அப்ப 2018ல ஏன் வெள்ளம்?

#13 மழைமானி

இதைத்தான் எழுத நினைத்திருந்தேன்.

இரணைமடு கட்டை உயர்த்தி, 34 அடிக் குளத்தை 36 அடி ஆக்கினார்கள். திறந்துவைத்த அதே டிசம்பரில், 21ஆம் திகதி இரவு பெருமழை. வான்கதவுகள் திறக்கப்பட்டன. பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை எல்லாம் நீருக்குள். கதவைப் பிந்தித் திறந்தார்களா என்று விசாரணை வைத்தார்கள். யார் பிழை என்பதற்குள் நான் போகவில்லை. எனக்கு உறுத்துவது வேறு.

ஒரு வான் (குளத்தின் மிகை நீர் வழியும் இடம்) எவ்வளவு நீரைக் கடத்த வேண்டும் என்பதை எப்படிக் கணிக்கிறோம்? 50 வருடத்தில், 100 வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய மழை எவ்வளவு என்று பழைய பதிவை வைத்துத்தான். வடக்கில் அந்தப் பதிவில் பெரிய ஓட்டை இருக்கிறது. குளத்தடி மழைமானியைத் தினமும் காலை பார்த்து எழுதுகிற ஆள் இடம்பெயர்ந்து போனார், புத்தகம் எரிந்தது, மானியே காணாமல் போனது. இலங்கை மழையை ஆராய்பவர்கள் பல தடவை வடக்கு நிலையங்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, பதிவு தொடர்ச்சியில்லை. உலகம் முழுக்க மழையின் குணம் மாறத் தொடங்கிய அந்த வருடங்களில்தான் நாங்கள் எழுதாமல் விட்டோம். இன்றைக்கு ஒரு பெருமழை வந்தால் இது புதிதா, 1990களிலும் இப்படி வந்ததா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

அதனால் உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். கோவில் கணக்குக் கொப்பி, பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகம், டயறி, கிணற்றுக் கட்டில் கீறிய கோடு, எதுவாயிருந்தாலும் சரி. எந்த வருடம், எந்த இடம், தண்ணீர் எதுவரை வந்தது. 1990க்கும் 2009க்கும் இடைப்பட்டது இருந்தால் பொன். இங்கேயே எழுதுங்கள், நான் சேர்க்கிறேன்.

#14 நந்திக்கடல்

2004 நவம்பர் மாரி: சிலாவத்தையில சித்தப்பாவின்ர வீட்டுத் திண்ணை மட்டும். வீடு அடுத்த மாசம் சுனாமியில போட்டுது, திண்ணை இன்னும் கிடக்கு. போய் அளந்து எழுதுறன்.

#15 செம்பாடு

2008 நவம்பர் 25 இரவு, மல்லாகத்துக்குக் கிட்ட எங்கட முகாம், கொட்டில் வாசல். எனக்கு முழங்காலுக்கு மேல. அப்ப எனக்கு 14 வயசு. உயரம் நாலடி பத்தங்குலம்.

#16 முசலியூரான்

1990க்குப் பிறகு எங்கள் ஊருக்கு யாரிடமும் இருக்காது, ஐயா. அதற்கு முந்தியதை வாப்பாவிடம் கேட்டு, அவர் கைகாட்டுகிற நீரோட்டங்களைக் கீறி அனுப்புகிறேன். இந்த மாதமே செய்ய வேண்டும். அவருக்கு 81.

#17 குளக்கட்டு

அம்மாவிட்டக் கேட்டன். தர்மபுரத்தில விதைநெல்லுப் பை வைச்சது நாலு செங்கல் அடுக்கினதுக்கு மேலயாம். நாலு கல்லையும் தாண்டித்தான் தண்ணி பையில பட்டது.

#18 மழைமானி

செங்கல்லைப் படுக்கையாக அடுக்கினாவா, நிறுத்தியா? கேட்டுச் சொல்லுங்கள்.

#19 குளக்கட்டு

படுக்கையாத்தானாம்.

#20 மழைமானி

பதிந்துகொண்டேன். தர்மபுரம், 2008 நவம்பர், நிலத்திலிருந்து ஏறக்குறைய ஓர் அடி.